லண்டனுக்கு முதல் பயணம்

மூணாறு தேயிலை லண்டனுக்குப் போகத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் மலையில் நல்ல ரோடு கிடையாது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை அதில் ஏற்றி டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு போடிநாயக்கனூர், தூத்துக்குடி துறைமுகம், அப்புறம் கப்பல். 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. ஆனாலும் தேயிலை போவது நிற்கவில்லை. லண்டனில் மின்சிங் லேன் என்ற தெரு தேயிலை வியாபாரத்துக்குப் பேர்போனது. லண்டன் தேயிலை ஏலம் 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் முடிவுக்கு வந்தது.

தேயிலை போன ஊருக்குக் கொழுந்து எடுத்தவர்கள் போனதில்லை. இப்போது அது மாறி வருகிறது. லயத்தில் பிறந்த பெண் பிள்ளைகள் சிலர் நர்ஸ் படிப்புப் படித்து வெளிநாடு போகிறார்கள். தேவிகுளம், பீர்மேடு பக்கத்திலும் இப்படி உண்டு. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் உண்டு. அப்படிப் போன மகள் ஒருநாள் போன் செய்கிறாள். "அம்மா, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்கிறாள்.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே பயமும் வருகிறது. இது காசு செலவாகும் காரியம். ஏமாற்ற ஆட்களும் இருக்கிறார்கள். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த கிராஜுவிட்டி பணம், பி.எஃப். பணம் எல்லாம் இதில் கரைந்து போகலாம். ஆகவே எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெயரைச் சரி செய்யுங்கள்

முதலில் பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பத்தைக் கணினியில்தான் போட வேண்டும். அட்சயா மையத்தில் போட்டுக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் முதல் சிக்கல் வரும்.

"அக்கா, ஆதார்ல உங்க பேரு ஒரு மாதிரி இருக்கு. ரேஷன் கார்டுல வேற மாதிரி இருக்கே?"

"ரெண்டும் நான்தானே தம்பி!"

"எனக்குத் தெரியுது அக்கா. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

இது எல்லை ஊர்த் தமிழர்களுக்கு என்றே வந்த தொல்லை. வீட்டில் கூப்பிடுவது தமிழில். ரேஷன் கார்டில் எழுதியது மலையாளத்தில். ஆதாரில் இருப்பது ஆங்கிலத்தில். மூன்று மொழிகளில் ஏறி இறங்குவதற்குள் ஒரே பெயர் மூன்று பெயராகி விடுகிறது. லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும். பிறந்த தேதியும் அப்படித்தான். தோட்டத்துப் பதிவில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றில் ஒன்று என்று இருக்கும். எனவே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

இனிஷியல் இன்னொரு சிக்கல். நம் வழக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் போடுகிறோம். பாஸ்போர்ட்டில் அந்த ஓர் எழுத்து போதாது. அதை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். அப்பா பெயரா, கணவர் பெயரா என்று தீர்மானித்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள். விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே இருக்க வேண்டும்.

சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். 2017 முதல் சில தபால் நிலையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையம் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பித்த பிறகு விசாரணைக்குப் போலீஸ் வரலாம். அதற்குத் தனியாகப் பணம் எதுவும் கிடையாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று குறிப்பிடுவது உண்டு. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது தடை. இங்கிலாந்து அந்தப் பட்டியலில் இல்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தக் குறிப்பே தேவையில்லை. "ஈ.சி.ஆரை எடுத்துத் தருகிறேன், இருபதாயிரம் கொடு" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

விசா

விசா என்பது அந்த நாடு தரும் அனுமதி. பார்த்துவிட்டு வர வருகையாளர் விசா போதும். பொதுவாக அதில் ஆறு மாதம் வரை தங்கலாம். அந்த விசாவில் பாரிசுக்கோ ரோமுக்கோ போக முடியாது. அவற்றுக்கு ஷெங்கன் விசா என்று தனியாக உண்டு. ஒரு ஷெங்கன் விசாவில் 29 நாடுகளுக்குப் போகலாம். இங்கிலாந்து அந்தக் கூட்டத்தில் இல்லை.

லண்டன் விசாவுக்கும் கணினியில்தான் விண்ணப்பம். பிறகு கொச்சியில் உள்ள மையத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே கைரேகையும் போட்டோவும் எடுப்பார்கள். மகள் எழுதிய அழைப்புக் கடிதம், அவளுடைய சம்பளச் சீட்டு, அவள் வீட்டு விவரம் ஆகியவை வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து வங்கிக் கணக்கு, பென்ஷன் தாள், இருந்தால் நிலப் பத்திரம். மலையாளத்திலோ தமிழிலோ உள்ள தாள்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நம் தாள்களில் பாதி மலையாளத்தில் இருக்கும் என்பதால், இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

"இவர் திரும்பி வருவாரா?" என்பதுதான் விசா அதிகாரியின் கேள்வி. வீடு, நிலம், கணவர், மற்ற பிள்ளைகள், பென்ஷன் எல்லாம் அதற்குப் பதில். கையில் பணம் குறைவாக இருந்தால் குறைவு என்றே காட்டலாம். செலவை மகள் ஏற்பதாக எழுதித் தரலாம். சில ஏஜெண்டுகள் வேறு யோசனை சொல்வார்கள். "கணக்கில் ரெண்டு லட்சம் போட்டுக் காட்டலாம். ஒரு சர்டிபிகேட் செய்து தருகிறேன்" என்பார்கள். பொய்த் தாள் என்று தெரிந்தால் விசா கிடைக்காது. அதோடு முடியாது. பத்து ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் வரத் தடை போடலாம். பத்து ஆண்டில் பேரக்குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும். தடை ஏஜெண்டுக்கு அல்ல, உங்களுக்கு. விசா மறுத்தாலும் கட்டிய கட்டணம் திரும்ப வராது. விசா கைக்கு வரும் முன் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

"விசிட் விசாவில் போய் அங்கே வேலையில் ஒட்டிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களிடமிருந்தும் விலகியிருங்கள். மகள் வீட்டில் சமைப்பதும் பேரனைத் தூக்கிக் கொஞ்சுவதும் தவறல்ல. சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. சந்தேகம் வந்தால் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனத்தைக் கேட்கலாம். கட்டணமில்லாத எண் 1800 425 3939.

இப்போது விசாவைக் கணினியிலேயே பதிந்து வைக்கும் முறை வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மின்னஞ்சலில் வந்த கடிதத்தை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

அம்மா என்றால் வெறுங்கையோடு போக முடியுமா? ஆனால் எல்லாவற்றையும் கொண்டு போக முடியாது. இறைச்சி, பால், நெய், பால்கோவா ஆகியவற்றை இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குள் கொண்டு போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. இஞ்சிக்கும் மற்றக் காய்கறிகளுக்கும் சுகாதாரச் சான்று வேண்டும். கொப்பரைத் தேங்காய் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்திலேயே ஏற்றுவதில்லை. காய்ந்த ஏலக்காய், மிளகு, தேயிலை, நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகப் போகும். வண்டன்மேட்டு ஏலக்காயைவிட நல்ல பரிசு வேறு எது?

தேங்காய் எண்ணெய், ஊறுகாய், கத்தி எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் வைக்கக் கூடாது. போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பார்சலை, எவ்வளவு கெஞ்சினாலும், வாங்காதீர்கள்.

விமான நிலையத்தில்

மூணாறிலிருந்து நெடும்பாசேரி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபடும். அப்போது முந்தின நாளே இறங்கிவிடுவது புத்திசாலித்தனம். பாலக்காட்டிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் அங்கமாலியில் இறங்கலாம். கோயம்புத்தூர் விமான நிலையம் பாலக்காட்டுக்குப் பக்கம்தான். ஆனால் அங்கிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இல்லை. கொச்சியிலிருந்து போகிறவர்களும் பெரும்பாலும் துபாய், அபுதாபி, தோஹா போன்ற இடத்தில் விமானம் மாறுகிறார்கள். புறப்பட மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

கையில் தரும் சீட்டுக்குப் போர்டிங் பாஸ் என்று பெயர். அதில் உங்கள் பெயர், விமான எண், கேட் எண், இருக்கை எண் இருக்கும். இங்கேதான் படிப்பு கைகொடுக்கும். சீட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் சுவரில் ஒளிரும் பலகையோடு ஒத்துப் பாருங்கள். ஆங்கிலம் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. வடிவம் ஒன்றாக இருந்தால் போதும். கேட் எண் கடைசி நேரத்தில் மாறும், ஆகவே பலகையை இரண்டு மூன்று தடவை பாருங்கள். நடக்க முடியாதவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்கலாம். காசு கிடையாது. நன்றாக நடக்கிறவர்கள் அதைக் கேட்டு, உண்மையில் முடியாதவரைக் காக்க வைப்பது சரியல்ல. மொழி தெரியாத முதல் பயணி என்று சொன்னாலும் சில விமான நிறுவனங்கள் கூட ஆள் அனுப்பும்.

முன்பெல்லாம் இந்தியாவை விட்டுப் போகும்போது ஒரு கார்டு, லண்டனில் இறங்கும்போது ஒரு கார்டு எழுதித் தர வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து இருக்கைக்காரரைக் கெஞ்சுவார்கள். இந்தியா அதை 2017-இல் நிறுத்தியது. இங்கிலாந்து 2019-இல் நிறுத்தியது.

லண்டனில் இறங்கியதும் ஓர் அதிகாரி கேள்வி கேட்பார். யாரைப் பார்க்க வந்தீர்கள்? எங்கே தங்குவீர்கள்? எத்தனை நாள்? எப்போது திரும்புவீர்கள்? உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆங்கிலம் வராவிட்டால் கைகளைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்ட வேண்டாம். "வேலை செய்ய வந்தீர்களா?" என்று கேட்டதற்கும் "எஸ்" என்றால் காரியம் கெட்டுவிடும். "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல ஆளை ஏற்பாடு செய்வார்கள். மகளின் முகவரியும் போன் எண்ணும் தாளில் எழுதிக் கையில் இருக்கட்டும். போனில் சார்ஜ் போய்விட்டால் தாள்தான் துணை.

குளிரும் காசும்

மூணாறுக்காரர்களுக்கு லண்டன் குளிர் புதிதல்ல. ஜனவரியில் புல்லின்மேல் உறைபனியைப் பார்த்தவர்கள்தானே. பாலக்காட்டு வெயிலில் வளர்ந்தவர்களுக்குத்தான் கஷ்டம். இருவருக்குமே வெளிச்சம் புதிதாக இருக்கும். ஜூன் மாதம் இரவு 9 மணிக்கும் சூரியன் இருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். நம் நேரத்தைவிட லண்டன் நேரம் கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்னால் இருக்கும்.

காசுக்குப் பவுண்டு என்று பெயர். 100 பென்ஸ் ஒரு பவுண்டு. ஊரில் யாராவது பழைய காகிதப் பவுண்டு நோட்டு வைத்திருந்து, செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். 2022 செப்டம்பருக்குப் பிறகு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் காகித நோட்டு கடையில் செல்லாது. இப்போது பிளாஸ்டிக் நோட்டுதான்.

லண்டன் பஸ்ஸில் 2014 முதல் காசே வாங்குவதில்லை. கண்டக்டரும் இல்லை. ஏறும்போது கார்டை ஒரு மஞ்சள் வட்டத்தில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலுக்கு ஏறும் இடத்திலும் வைக்க வேண்டும், இறங்கும் இடத்திலும் வைக்க வேண்டும். வெளியே வரும்போது மறந்தால் அதிகக் கட்டணம் பிடித்துவிடும். 1863-இல் தொடங்கிய இந்த ரயில்தான் உலகிலேயே முதல் பாதாள ரயில். நகரும் படிக்கட்டில் வலது பக்கம் நிற்க வேண்டும். இடது பக்கம் அவசரமாக நடப்பவர்களுக்கு. சேலை முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்

அவசரத்துக்கு 999 என்ற எண். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் படுக்கையில் சேர்த்துவிட்டால் வருகையாளர்களிடம் கட்டணம் வசூலிப்பார்கள். அது லட்சக்கணக்கில் வரும். மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாலும் அம்மாவுக்கு இலவசம் இல்லை. எனவே புறப்படும் முன் பயணக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிறகு பணம் தர மறுப்பார்கள்.

தமிழ் கேட்க ஆசையாக இருந்தால் ஈஸ்ட் ஹாம் போகலாம். தமிழ்ப் பலகை வைத்த கடைகளும், மகாலட்சுமி கோயிலும் உண்டு. கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும். ஹைகேட் ஹில் என்ற இடத்தில் முருகன் கோயில் இருக்கிறது. முருகனுக்கு அங்கேயும் மேடுதான் அமைந்திருக்கிறது.

தனியாக வெளியே போய் வழி தவறினால் பதற வேண்டாம். அங்கே ஒவ்வொரு முகவரியின் கடைசியிலும் போஸ்ட் கோடு இருக்கும். அது எழுத்தும் எண்ணும் கலந்தது. ஈஸ்ட் ஹாமுக்கு அது ஈ6 என்று தொடங்கும். நம் பின்கோடு போல ஊருக்கு ஒன்று அல்ல. சில வீடுகளுக்கு ஒன்று என்று கொடுத்திருப்பார்கள். மகள் வீட்டின் போஸ்ட் கோடை முதல் நாளே பார்த்து எழுதிப் பழகுங்கள். கடைக்காரரிடமோ போலீஸிடமோ அந்தத் தாளைக் காட்டினால் எந்தத் தெரு என்று உடனே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.