விமானம் ஏறும் நாளில் மாமல்லபுரம்

சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே புறப்படுவதால், ஊர் திரும்பும் அத்தையோடு கழிக்க ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. பெட்டியை முந்தைய இரவே கட்டி எடை பார்த்துவிட வேண்டும். ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

காலையிலேயே மாமல்லபுரத்துக்குக் கிளம்பினால், பாறை சுடுவதற்குள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை உள்ளவருக்கோ இந்தியருக்கான கட்டணமே. அந்த அட்டை பூட்டிய பெட்டிக்குள் போய்விடுவதுதான் வழக்கம்! வழியில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை.

ஞாயிறு மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் மிகும். பிற்பகல் 3 மணிக்கே திரும்பினால் குளித்து, சாப்பிட்டு, விமானம் புறப்பட 3 மணி நேரம் முன்பே நிலையத்தை அடையலாம்.