தண்டுவடக் காயம்: குழந்தைக்கு வீட்டுப் பயிற்சி

குழந்தை வளர எலும்பு நீளும்; அசையாத தசை கூடவே நீளாமல் மூட்டு இறுகிவிடும். எனவே பிசியோதெரபிஸ்ட் காட்டித்தந்தபடி கால் மூட்டுகளைத் தினமும் மடக்கி நீட்டிவிடுங்கள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளி 30 விநாடி பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கவே கூடாது. உணர்வில்லாத காலில் எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். வீக்கமோ சூடோ கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைகளுக்குப் பந்து எறிதல், சக்கர நாற்காலிப் பந்தயம் போதும். விளையாட்டென்றால் பிள்ளைகள் சலிக்கமாட்டார்கள்.

முடிந்ததும் குதிகால், பிட்டத்தில் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள்.

காயம் மார்பு உயரத்திலோ அதற்கு மேலோ இருந்து, திடீர்த் தலைவலி, முகச்சிவப்பு, வியர்வை வந்தால் அது அவசரம்: நிமிர்த்தி உட்காரவையுங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருந்தால் சரிசெய்யுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.