ஐந்து ஜிகாவாட், ஐநூறு ஜூல்

500 கிலோவோல்ட்டில் 10 கிலோஆம்பியர் எலக்ட்ரான் கற்றையை 100 நானோநொடி பாயவிட்டால் அதன் திறன் 5 ஜிகாவாட். பெரிய அனல்மின் நிலையங்களையே மிஞ்சும் அளவு. ஆற்றலோ வெறும் 500 ஜூல். 10 வாட் எல்இடி பல்பை ஒரு நிமிடம்கூட எரிக்காது. உயர்திறன் மைக்ரோவேவ் ஆய்வகத்தில் வேலை தேடுபவர் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் பொழுது பெரும்பாலும் மார்க்ஸ் ஜெனரேட்டரிலும் வேக்யூம் பம்பிலும்தான் கழியும். மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் மின்னேற்றி, ஸ்பார்க் கேப்கள் வழியே தொடர் இணைப்பாக மாற்றுவது மார்க்ஸ்: 25 கிலோவோல்ட் ஏறிய 20 அடுக்குகள் சேர்ந்தால், இழப்பைக் கழிக்காமல், 500 கிலோவோல்ட். துடிப்பைச் சீராக்கும் லைனைத் தாண்டினால் டையோடு. அங்கே கேத்தோடின் மேற்பரப்பு பிளாஸ்மாவாக வெடித்து எலக்ட்ரான்களைக் கொட்டும். கிராஃபைட் கேத்தோடு உண்டு, வெல்வெட் துணியும் உண்டு. ஆம், ஜவுளிக்கடை வெல்வெட்தான். அந்தப் பிளாஸ்மாவே பரவி ஆனோடை எட்டிவிட்டால் மைக்ரோவேவ் பாதியில் அறுந்துபோகும். பல்ஸ் ஷார்ட்டனிங் எனும் இந்தத் தலைவலிதான் உங்களுக்கு வேலை தருகிறது. ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்கள் இங்கேயே தோண்டலாம்.

கற்றையை மைக்ரோவேவாக மாற்றும் கருவிகளில் விர்கேட்டர் கட்ட எளிது, ஆனால் கற்றையின் திறனில் சில சதவீதத்தையே மைக்ரோவேவாக்கும். 1976இல் எம்ஐடியில் பெகெஃபியும் ஓர்செகோவ்ஸ்கியும் காட்டிய ரிலேட்டிவிஸ்டிக் மேக்னட்ரான் அதைவிடக் கெட்டி; ஆனால் காந்தப்புலம் கேட்கும்.

இந்தியாவில் எங்கே போகலாம்? பத்திரிகைகள் ரகசிய ஆயுதமாக்கிய 'காளி', உண்மையில் 'கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர்' என்ற பெயரின் சுருக்கம். அது டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முடுக்கி. அங்கே நுழைய அதன் பயிற்சிப் பள்ளி நல்ல வழி. மைக்ரோவேவ் குழாய்களுக்கு பெங்களூரில் டிஆர்டிஓவின் எம்டிஆர்டிசி, பிலானியில் சீரி ஆகிய ஆய்வகங்கள் உண்டு. இயற்பியல், மின், மின்னணுப் பட்டதாரிகளுக்கு கேட் தேர்வு மதிப்பெண் பல கதவுகளைத் திறக்கும்.

நேர்முகத்தில் ரோகோவ்ஸ்கி சுருளால் மின்னோட்டத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டால் வரைந்தே காட்டுங்கள். சிமுலேஷன் மட்டும் தெரிந்தவரைவிட, வேக்யூம் கசியாமல் ஓ-ரிங் மாற்றத் தெரிந்தவருக்கு ஆய்வகத்தில் மதிப்பு அதிகம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே எர்த்திங் ராடைக் கையில் பிடித்துப் பழகுங்கள். ஷாட் முடிந்தாலும் மின்தேக்கியில் மிச்ச மின்னூட்டம் இருக்கும். எலக்ட்ரான் உலோகத்தில் மோதும்போது எக்ஸ் கதிரும் கிளம்பும். தனியாக இயக்காதீர்கள், இன்டர்லாக்கை யார் சொன்னாலும் தாண்டாதீர்கள். ஆய்வுக்கட்டுரை ஆசை அதிகமென்றால் சேருமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பாதுகாப்புத் துறை வேலையில் எல்லாவற்றையும் வெளியிட விடமாட்டார்கள்.