தலைவலி என்று சொல்லும் பிள்ளைகள்

நாகப்பட்டினத்துக் கல்லூரியில் பயிலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளையோ, நடவுக் கூலியில் தாய் படிக்கவைக்கும் பிள்ளையோ, பல இரவுகள் உறக்கமின்றி, பாடத்தில் புத்தி நிலைகொள்ளாமல், தொண்டையை அடைக்கும் அழுகையை விழுங்கிக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கையில், என்னவென்று கேட்டால் பெரும்பாலும் வரும் விடை ‘தலைவலி’ என்பதுதான். மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு தெரியாதபடி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டே அவ்விடை சொல்லப்படுகிறது. இந்த லஜ்ஜைக்கு ஆதாரமான நம்பிக்கைகள் மூன்று.

நம்பிக்கை: மனக்கோளாறு வசதி படைத்தோர் வியாதி, உழைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு வராது.

உண்மை: வறுமையும் கடனும் சாதியின் பெயரால் நேரும் அவமானமும் மனத்தை நோயுறச் செய்யும் காரணங்கள். அரியர் விழுந்தால் என்ன செய்வது, ஸ்காலர்ஷிப் தாமதித்தால் யாரைப் பார்ப்பது என்று கேட்க வீட்டில் ஒருவருமில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பாரம் கூடுதலேயன்றிக் குறைவன்று.

நம்பிக்கை: இது காத்துக் கருப்பின் வேலை, தர்காவும் கோயிலுமே போதும்.

உண்மை: பிரார்த்தனை தரும் ஆறுதலை எவரும் மறுக்கவேண்டியதில்லை, நாகூர் ஆண்டவரிடம் மனமுருகி வேண்டிக்கொண்ட அன்றே வைத்தியரையும் பார்க்கலாம். சிகிச்சை இருக்கவேண்டிய இடத்தில் சங்கிலி இருந்ததன் விபரீதத்தை, தர்காவை நாடி மனநோயாளிகள் அழைத்துவரப்படும் ஏர்வாடி காட்டியது: 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்தோர் எழுந்தோட இயலாமல் 28 உயிர்கள் மாய்ந்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடைசெய்கிறது.

நம்பிக்கை: வைத்தியரிடம் போனால் ‘பைத்தியம்’ என்று பெயர் வரும், வேலையும் கல்யாணமும் தட்டிப்போகும்.

உண்மை: நோயாளியின் விவரங்களை அந்தரங்கமாகக் காக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. நேரில் போகத் தயங்குவோர், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து, கட்டணமின்றி, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை இக்கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனபின், மனநல ஊழியர்கள் குப்பங்களுக்கே சென்று உயிர்தப்பியோருடன் அமர்ந்து பேசினார்கள். உறங்காமல் அழுதவர்களின் துக்கத்துக்குக் காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருந்தபடியால் அதில் வெட்கப்பட ஏதுமிருக்கவில்லை. காரணம் வெளியே தெரியாத துக்கத்துக்கும் அதே தாட்சண்யத்தைக் காட்டி, ‘தலைவலி’ என்ற பிள்ளையின் அருகே உட்கார்ந்து, ‘வேறென்னப்பா?’ என்று இன்னொரு முறை கேட்பது நம்மால் ஆகாத காரியமா?