பால் கட்டும் நாட்கள்



சென்ற அரையாண்டு விடுமுறையில் தாத்தாவின் ஊருக்குச் சென்றிருந்தேன். சம்பா வயலில் நெல் பூத்துப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. தாத்தா ஒரு பச்சை மணியைக் கிள்ளி நகத்தால் அழுத்தினார். வெண்மையான பால் கசிந்தது. நாவில் வைத்தேன், இலேசாக இனித்தது. "இந்தப் பால்தானம்மா அரிசியாகும்" என்றார். இனிக்கும் பால் கெட்டியான அரிசியாவது எவ்வாறு?

இலைகள் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரையைத் தயாரிக்கின்றன. இதில் கதிருக்கு அருகிலுள்ள கண்ணாடி இலையின் பங்கு பெரிது. தண்டில் முன்பே சேமித்த உணவும் உதவுகிறது. இவை சுக்ரோஸ் என்னும் சர்க்கரையாக நீரில் கரைந்து, புளோயம் குழாய்களின் வழியே மணியை அடைகின்றன.

அங்கு நொதிகள் சுக்ரோஸைப் பிரித்து, குளுக்கோஸ் அலகுகளைப் பூத்தொடுப்பது போல் ஒன்றோடொன்று கோக்கின்றன. பெரும்பாலும் கிளையின்றி நீளும் சங்கிலி அமைலோஸ். பல கிளைகள் விட்டது அமைலோபெக்டின். இரண்டும் சேர்ந்ததே மாவுச்சத்து. பொதுவாக அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரியாக வேகும். குறைந்த அரிசி ஒட்டும்.

சர்க்கரையாகவே சேமித்தால் என்ன? சர்க்கரை நீரை ஈர்க்கும். மாவுச்சத்தோ குளிர்ந்த நீரில் கரையாது. சிறு இடத்தில் அடங்கும். ஆகவே மணி நாளுக்கு நாள் ஈரம் குறைந்து, பால் பருவம், மாவுப் பருவம் கடந்து, பூத்த ஏறத்தாழ 30 நாட்களில் முற்றிவிடுகிறது.

ஆனால் பூக்கும்போதும் பால் கட்டும்போதும் தண்ணீர் வேண்டும். தாத்தாவின் வயல் கடைமடையில் உள்ளது. முந்தைய ஆண்டு நெல் பூக்கும் வேளையில் வாய்க்கால் வறண்டுவிட்டது. பூக்கும்போது நீரின்றேல் மணி பிடிக்காமல் பதராகும். பால் கட்டும்போது நீரின்றேல் பாதி நிரம்பிக் கருக்காயாகும். அவ்வாண்டு தூற்றியபோது நெல்லைவிடப் பதரே அதிகம் பறந்ததாம்.

அந்தப் பதரிலும் கருக்காயிலும் சிறிது கொண்டுவந்து, ஆசிரியையின் அனுமதியுடன் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். நல்ல அரிசியை நசுக்கி அயோடின் விட்டதும் கருநீலமாயிற்று. கருக்காயின் உள்ளே சிறிதளவே நீலம். பதரின் உமியைப் பிரித்து விட்டேன், நீலமே இல்லை. நாற்று நட்டவர்களின் உழைப்பு மூன்றுக்கும் ஒன்றுதான்!

தோழியரே, நம் தட்டிலுள்ள ஒவ்வொரு பருக்கையும் தக்க வேளையில் தண்ணீர் கிடைத்ததால் நிரம்பியது. அதனை வீணாக்காதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி