மொபெட்டின் பின் பிரேக்குக்குப் புது ஷூ போடும் முறை

பால் கேன், புல்லுக்கட்டு, உரமூட்டை என்று சிறு விவசாயிகளின் சுமையெல்லாம் இன்று மொபெட்டின் பின்பக்கத்தில்தான் ஏறுகிறது. சுமையோடு சேறும் புழுதியும் சேருவதால் பின் பிரேக்கின் லைனிங் விரைவில் தேய்ந்துவிடும்.

பிரேக் பிடிக்காவிட்டால் கேபிளின் முனையில் உள்ள நட்டை முறுக்குவது வழக்கம். அது சரியான முறையே. ஆனால், மரை முடிந்த பிறகும் சிலர் பிரேக் கையைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டி ஓட்டுகிறார்கள். பிரேக் மீண்டும் பிடிப்பதால் ஷூ வாங்கும் செலவு மிச்சம் என்று தோன்றும். இது ஆபத்தான சிக்கனம். லைனிங் தேயத் தேய, ஷூவை விரிக்கும் கேம் அதிகமாகத் திரும்ப வேண்டியுள்ளது. அளவு மீறினால் கேம் புரண்டு ஷூ விரிந்தபடியே நின்றுவிடும். சுமையோடு ஓடும் வண்டியின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை முழுதும் அழுத்தும்போது கைக்கும் கேபிளுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகையைத் தாண்டினால் ஷூ மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வண்டியைச் சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கேபிள் நட்டைக் கழற்ற வேண்டும். பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பி இருந்தால் அதன் போல்ட்டையும் எடுத்துவிட வேண்டும். இருபுறமும் செயின் இழுப்பான் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, ஆக்ஸிலை உருவிச் செயினை இறக்கினால் சக்கரம் வெளியே வரும். வாஷர், புஷ் ஆகியவற்றை எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் வைப்பது நல்லது.

டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை. டிரம்மின் உட்புறம் பளபளவென்று இருந்தால் எமரித் தாளால் லேசாகத் தேய்க்கலாம். விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது ஷூ மட்டும் போட்டுப் பயனில்லை. டிரம்மையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கிரீஸ் கசிந்திருந்தால் பேரிங் சீலை மாற்றாமல் ஷூ போடுவது வீண்.

இரு ஷூக்களையும் பிடித்து மேல்நோக்கி மடக்கினால், ஸ்பிரிங்கோடு சேர்ந்து கழன்று வரும். கேமைக் கழற்றித் துடைத்து, கேமுக்கும் எதிர்முனை ஊசிக்கும் கிரீஸைத் தொட்டு வைத்தால் போதும். அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கிவிடும். கேம் தண்டிலும் பிரேக் கையிலும் ஒவ்வொரு புள்ளி பொறித்திருந்தால், இரண்டும் நேராக நிற்கும்படி மாட்ட வேண்டும். முன்பு யாராவது பல் தள்ளியிருந்தால் அது இப்போது தெரிந்துவிடும்.

புது ஷூக்களில் ஸ்பிரிங்குகளை மாட்டி, மடக்கிய நிலையிலேயே பிளேட்டில் வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கைத் திரும்பப் போட வேண்டாம். அதன் விலை சொற்பம். எண்ணெய்க் கையால் லைனிங்கைத் தொடக் கூடாது.

சக்கரத்தை ஏற்றி, பிளேட்டின் பள்ளம் சட்டத்தின் முனையில் சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பி உள்ள வண்டியில் அதன் போல்ட்டை மறக்காமல் மாட்ட வேண்டும். பொருத்தாமல் விட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுழன்றுவிடும். பிறகு செயினை மாட்டி, இழுப்பானைப் பழைய கோட்டில் நிறுத்தி, கேபிளையும் இணைக்க வேண்டும். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமையும். பலர் விட்டுவிடும் வேலை இது. கைப்பிடியில் சுமார் அரை முதல் முக்கால் அங்குலத் தளர்வு இருக்கும்படி கேபிள் நட்டை வைத்தபின் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும்.

125 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் விற்றவற்றில் பெரும்பாலும் ஒரே கைப்பிடியில் இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்த வண்டிகளுக்கு முன் பிரேக்கின் அளவையும் மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சுமையில்லாமல் களத்துப் பாதையில் மெதுவாக ஓட்டி, பத்து இருபது முறை இதமாகப் பிடித்து விட வேண்டும். புது லைனிங் டிரம்மோடு படியும் வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். படிந்த பிறகு தளர்வு சற்றுக் கூடும். சுமை ஏற்றுமுன் கேபிள் நட்டையும் ஆக்ஸில் நட்டையும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.