நாலு கம்பி, நூறு வயசு: பழைய யுகுலேலேயின் வயதையும் விலையையும் கண்டுபிடிப்பது எப்படி?



இப்போ நம்ம ஹாஸ்டலில் ஃப்ளோருக்கு ரெண்டு யுகுலேலே இருக்கு. எல்லாமே ஆன்லைனில் ஆர்டர் பண்ணிய புதுசு. ஆனால் இதே குட்டி வாத்தியத்தில் நூறு வருஷப் பழசு ஒன்று அமெரிக்காவில் பத்தாயிரம் டாலர் வரைக்கும் விலை போகும். அதே வயசில் இன்னொன்று ஐம்பது டாலருக்கு விற்றாலே பெரிய விஷயம். போட்டோவில் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரியாமல் பரணில் கிடந்ததை சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, பளபளன்னு வார்னிஷ் அடித்து, ஆயிரக்கணக்கான டாலரை அரை நாளில் அழித்தவர்கள் நிறைய பேர். அதனால் இந்த இதழில் ஒரு சின்ன துப்பறியும் பாடம். சிலபஸில் வராது, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இது தெரியாமல் வயசைக் கணிக்க முடியாது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்தது. அதில் மனுவேல் நூனஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்று மூன்று தச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊரில் மஷெட் என்று ஒரு சின்ன நாலு கம்பி வாத்தியம் உண்டு. அதை ஹவாயின் கோவா மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள், அதுதான் யுகுலேலே ஆனது. கோவா வேறு யாருமில்லை, நம்ம கருவேல மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். மன்னர் கலாகவா ஆதரவு கொடுத்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய் அரங்கைப் பார்த்து அமெரிக்காவே இதன் பின்னால் ஓடியது. 1920களில் மார்ட்டின் கம்பெனி கிட்டாரை விட யுகுலேலேதான் அதிகம் விற்றது என்றால் அந்தக் கிறுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கோங்க. 1949க்குப் பிறகு பிளாஸ்டிக் யுகுலேலேயோடு இன்னொரு அலை. இப்போ நடப்பது மூன்றாவது அலை.

இந்த வரலாற்றிலிருந்து முதல் பாடம்: பழைய யுகுலேலே அரிய பொருள் இல்லை. 1920களில் லட்சக்கணக்கில் செய்து தள்ளியிருக்கிறார்கள். வெறும் வயசுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். யார் செய்தது, எந்த மாடல், எந்த நிலையில் இருக்கு, இந்த மூணும்தான் விலை.

வயசுக்கு ரெண்டு எல்லை

நம்ம நியூமெரிக்கல் மெத்தட்ஸில் வேர் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் எல்லை போட்டு நெருக்கிக்கொண்டே போவோமே, அதே வேலைதான் இங்கேயும். ஒவ்வொரு தடயமும் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' அல்லது 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று ஒரு எல்லை தரும்.

சவுண்ட்ஹோல் வழியாக உள்ளே டார்ச் அடித்து லேபிளைப் படியுங்க. ஹொனலுலு என்று போட்டு பக்கத்தில் டி.எச். என்று இருந்தால், அது ஹவாய் டெரிடரி. ஹவாய் 1900இல் அமெரிக்க டெரிடரி ஆகி, 1959இல் மாநிலம் ஆனது. அதனால் அந்த லேபிள் அச்சான காலம் இந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவில். முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963க்கு முன்னால் போக முடியாது. 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால், இரண்டாம் உலகப்போர் முடிந்து 1952 வரைக்குமான சில வருஷங்கள். பார்த்தீங்களா, வாத்தியத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல் தபால் துறையையும் அரசியலையும் வைத்தே பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஸ்க்ரூ. இது எனக்கு ரொம்பப் பிடித்த தடயம், மெக்கானிக்கல்காரர்களுக்கும் பிடிக்கும். பிளஸ் தலை ஸ்க்ரூ, அதாவது பிலிப்ஸ் ஸ்க்ரூ, 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே '1922ஆம் வருஷத்து ஒரிஜினல்' என்று விற்பவர் காட்டும் யுகுலேலேயின் பிருடையில் பிளஸ் ஸ்க்ரூ இருந்தால் ஏதோ ஒன்று இடிக்குது. இங்கே கவனம். அந்த ஸ்க்ரூ புதுசு என்பதுதான் நிரூபணம் ஆகிறது, வாத்தியம் புதுசு என்று இல்லை. யாராவது 1950இல் பிருடையை மாற்றியிருக்கலாம். கழற்றி மாற்றக்கூடிய பாகம் தரும் எல்லை அந்தப் பாகத்துக்கு மட்டும்தான். நைலான் கம்பியும் அப்படியே. அது போருக்குப் பிறகு வந்த சமாசாரம், அதற்கு முன்னால் ஆட்டுக் குடல் நரம்பு. ஆனால் கம்பியை வைத்து வயசு சொன்னால் சிரிப்பார்கள்.

மாற்ற முடியாத பாகங்கள்தான் உண்மை பேசும். ரொம்பப் பழைய ஹவாய் வாத்தியங்களில் தனி ஃபிங்கர்போர்டே இருக்காது, கழுத்து மரத்திலேயே ஃப்ரெட்டை இறக்கி, மேல்பலகையோடு சமமாக வைத்திருப்பார்கள். எடை ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும், ஓரத்தில் கயிறு முறுக்கியது போல மர வேலைப்பாடு இருக்கலாம். அளவும் ஒரு தடயம். மார்ட்டின் கான்சர்ட் அளவை 1920களின் நடுவில்தான் கொண்டுவந்தது, பேரிடோன் அளவு 1940களின் கடைசியில். '1920களின் பேரிடோன்' என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்க.

பாலிஷ் பார்க்க ரூபாய் நோட்டு சரிபார்க்கும் யுவி டார்ச் போதும். இருட்டு அறையில் அடித்தால் பழைய ஷெல்லாக் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். நடுவில் ஒரு திட்டு மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். சிலர் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பூசி டெஸ்ட் பண்ணச் சொல்வார்கள். ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரையும் என்பது உண்மைதான். கரைந்தது திரும்ப வராது என்பதும் உண்மைதான். வேண்டாம்.

மார்ட்டின்

பென்சில்வேனியாவின் நாசரத் ஊரைச் சேர்ந்த சி.எஃப். மார்ட்டின் கம்பெனிக்குக் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்குகிறேன், சந்தையில் எல்லோரும் தேடுவது அதைத்தான். 1907இல் கிட்டார் மாதிரி கனமாகச் செய்து பார்த்துத் தோற்றார்கள். 1915, 16 வாக்கில் மெல்லிய மகோகனியில் மறுபடி இறங்கி ஜெயித்தார்கள். உள்ளே அதிக பிரேஸிங் போட்டால் பலகை அதிராது, ஒலி வராது. நமக்கு வைப்ரேஷன் பேப்பரில் படித்தது அவர்களுக்கு நஷ்டத்தில் புரிந்தது.

மார்ட்டின் கிட்டார் என்றால் சீரியல் நம்பரை வைத்து வருஷத்தைச் சொல்லிவிடலாம். யுகுலேலேயில் ஆரம்பத்துச் சிலவற்றைத் தவிர நம்பரே கிடையாது. அதனால் முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் மரத்தில் அழுத்திய முத்திரை இருந்தால், பொதுவாக 1930களின் தொடக்கத்துக்கு முந்தியது. அதற்குப் பிறகு முன்பக்கம் ஒட்டிய டீகால் வந்தது. உள்ளே 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்ற வரியும் சேர்ந்திருந்தால் 1960களுக்கு வந்துவிட்டோம். டீகாலை மட்டும் நம்பாதீங்க, நகல் டீகால் சுலபமாகக் கிடைக்கும். உள்முத்திரையும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும்.

மாடல் பெயர் எங்கேயும் எழுதியிருக்காது, அலங்காரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஓரத்தில் எந்த பார்டரும் இல்லாமல், 12 ஃப்ரெட்டோடு எளிமையாக இருந்தால் ஸ்டைல் 0. பழசில் ஓரம் முழுக்க ரோஸ்வுட் பட்டை ஓடினால் ஸ்டைல் 1. வெள்ளை செல்லுலாய்டு பட்டை என்றால் ஸ்டைல் 2. ஃபிங்கர்போர்டு சவுண்ட்ஹோல் வரை நீண்டு 17 ஃப்ரெட் இருந்து, ஓரத்தில் பல அடுக்குக் கோடுகள் தெரிந்தால் ஸ்டைல் 3. ஓரமெல்லாம் அபலோனி சிப்பி மின்னினால் ஸ்டைல் 5, உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. ஸ்டைல் 4 என்ற சோப்ரானோவைத் தேடி அலைய வேண்டாம். பெயரோடு 'கே' சேர்ந்தால் கோவா மரம், அதே ஸ்டைல் மகோகனியை விட விலை அதிகம். ஸ்டைல் 0 சில நூறு டாலர். 5கே பல ஆயிரம். நான் ஆரம்பத்தில் சொன்ன பத்தாயிரம் இதுதான்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூனஸ் லேபிளில் '1879இல் யுகுலேலேயைக் கண்டுபிடித்தவர்' என்ற பெருமை இருக்கும், கூட வந்த மற்ற இரண்டு தச்சர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். ஜோனா குமலே லேபிளில் 1915 கண்காட்சியில் வாங்கிய தங்க விருது இருக்கும். அதைப் பார்த்து '1915இல் செய்தது' என்று விற்பார்கள், விருது வாங்கிய பிறகு செய்த எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று நீங்க யோசிக்கணும். அதாவது அது கீழ் எல்லை, விடை இல்லை. கமாகா 1916இலிருந்து இன்று வரை ஹொனலுலுவில் இயங்கும் குடும்பம், அன்னாசிப் பழ வடிவம் அவர்களுடையது. சிகாகோவின் ஹார்மனி, ரீகல் கம்பெனிகள் மலிவாக மலை மலையாகச் செய்தன, ஹார்மனியின் ராய் ஸ்மெக் வீட்டா-யுக் மாதிரி சில வடிவங்களுக்குத்தான் தனி மவுசு. அமெரிக்க ஃபேக்டரிகள் ஹவாய்ப் பெயர் வைத்து விற்றதால் கடுப்பான ஹவாய்க்காரர்கள், ஹெட்ஸ்டாக்கின் பின்னால் 'டாபு' என்று ஒரு முத்திரை போட ஆரம்பித்தார்கள். அது இருந்தால் நல்ல சகுனம். 1949இல் வந்த மக்காஃபெரியின் ஐலாண்டர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், பெட்டியும் புத்தகமும் சேர்ந்து இருந்தால்தான் கொஞ்சம் காசு.

விலை குறைவதும் கூடுவதும்

ஒரிஜினல் பாலிஷ் போய் புது பாலிஷ் வந்துவிட்டால் விலை கிட்டத்தட்ட பாதி என்பது வியாபாரிகளின் பொதுக் கணக்கு. கிட்டார் மாதிரி கியர் பிருடை மாட்டுவதற்காக ஹெட்ஸ்டாக்கில் துளை போட்டிருந்தால் அதுவும் அடி. விரிசல் பயப்படும்படியான விஷயம் இல்லை, விலங்குப் பசையால் நல்லபடியாக ஒட்டிய மெல்லிய விரிசல் மன்னிக்கப்படும். சூப்பர் க்ளூ மன்னிக்கப்படாது. 12ஆவது ஃப்ரெட் அருகே கம்பி ரொம்ப உயரமாக நின்றால் கழுத்துக் கோணம் மாறியிருக்கு, சரிசெய்ய ஆகும் கூலியை விலையிலிருந்து கழிக்கணும்.

கூட்டுவது எது? ஒரிஜினல் பெட்டி, அப்புறம் கதை. ஆனால் கதைக்கு ஆதாரம் வேண்டும். 1926 மே 9இல் ரிச்சர்ட் பெர்ட் வடதுருவத்துக்குப் பறந்தபோது, ரிச்சர்ட் கான்ட்டர் என்ற அவருடைய குழுக்காரர் ஒரு மார்ட்டின் கோவா யுகுலேலேயை விமானத்துக்குள் ஒளித்து அனுப்பினார். பிறகு அதில் எடிசன் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கினார். இப்போ அது மார்ட்டின் மியூசியத்தில் இருக்கு. விமானம் உண்மையிலேயே துருவத்தைத் தொட்டதா என்று இன்னும் சண்டை நடக்குது, யுகுலேலேயின் மதிப்பில் யாருக்கும் சண்டை இல்லை. 'எங்க தாத்தா ராணுவத்தில் வாசித்தது' என்பது அந்த வகை இல்லை, போட்டோ இருந்தால் பேசலாம்.

விலை தேடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீங்க, விற்று முடிந்த விலையைப் பாருங்க. கேட்கிறதுக்கு என்ன, ஒரு கோடி கூடக் கேட்கலாம்.

போன வருஷம் இதெல்லாம் ஒரு நாள் நிஜமாகத் தேவைப்பட்டது. பென்சில்வேனியாவில் இருக்கும் என் பெரியம்மா பொண்ணு ஒரு கராஜ் சேலில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். "டேய், இருபத்தஞ்சு டாலர் சொல்றாரு, வாங்கலாமா?" ஹெட்ஸ்டாக் முன்பக்கம், பின்பக்கம், சவுண்ட்ஹோல் உள்ளே, பிருடை, ஓரம் எல்லாம் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். முன்னால் டீகால், பின்னால் ஒன்றும் இல்லை. உள்ளே நாசரத் முத்திரை, யு.எஸ்.ஏ. வரி இல்லை. 12 ஃப்ரெட், ஓரத்தில் பார்டர் இல்லை. பின்பலகையில் ஒரு விரிசல், பாலிஷ் பழசு. ஸ்டைல் 0, 1930களின் தொடக்கத்துக்கும் 60களின் தொடக்கத்துக்கும் நடுவில், குறைந்தது பத்து மடங்கு விலை.

விற்றவர் எண்பது வயசுத் தாத்தா, வாசித்தது இறந்துபோன அவர் மனைவி. அக்கா கேட்டாள், "இப்ப என்னடா பண்றது?" எங்க ரூமில் ஓட்டெடுப்பே நடந்தது. "விலை சொன்னது அவர், வாங்கறது நாம, முடிஞ்சது" என்று மூணு பேர். ஆக்கர்லாஃப் என்ற பொருளாதாரவாதி 1970இல் பழைய கார் சந்தையை வைத்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது என்ன ஆகும் என்று ஒரு கட்டுரை எழுதி, பிறகு நோபல் வாங்கினார். எங்களுக்கு அது தலைகீழாக வந்து நின்றது. நாங்கள் வாதாடி முடிப்பதற்குள் அக்கா அவரிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் மகளைக் கூப்பிட்டார், மகள் வந்து யுகுலேலேயை மேசையிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். அக்கா மூணு டாலருக்கு ஒரு வாஃபிள் மேக்கர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த மூணு பேரில் ஒருத்தன் இன்னும் அவளைத் திட்டுகிறான்.

உங்க சொந்தக்காரர் யாராவது வெளிநாட்டிலிருந்து இப்படி ஒன்றைக் காட்டினால், முதலில் அதில் ஸ்டீல் கம்பி மாட்டியிருக்கா என்று கேளுங்க. இருந்தால் உடனே தளர்த்தச் சொல்லுங்க, அந்த மெல்லிய பலகை அந்த இழுவைக்குச் செய்தது இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்க வேண்டாம், சூட்டில் பழைய பசை விட்டுவிடும். அறையின் ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதம் இருந்தால் நல்லது. துணியால் தூசி மட்டும் தட்டலாம். அதற்கு மேல் எதுவும் செய்வதற்கு முன்னால் நான் அக்காவிடம் கேட்ட அதே ஐந்து போட்டோக்களையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.